சைக்கிள் டியூப் போட்ட ஜூம் லென்ஸ்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சிலுவைமுத்து அண்ணனைக் கல்யாணப் போட்டோக்காரர் என்றுதான் ராயபுரத்தில் பலரும் நினைக்கிறார்கள். அவர் அதிகம் எடுத்தது நனைந்த சரக்கை. கப்பலில் வரும் சரக்கு வழியில் கெட்டுப்போனால், இன்சூரன்ஸுக்கு ஆதாரம் வேண்டும். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர் மஜீது பாய். அந்த அறிக்கைக்குப் படம் எடுத்துத் தருபவர் முத்து அண்ணன்.

கப்பலின் சரக்கறை மூடியைத் திறந்ததும் சரக்கு இருந்தது இருந்தபடியே படத்தில் விழ வேண்டும். ஆட்கள் உள்ளே இறங்கிவிட்டால் எது கடல்நீர் பட்டது, எது இங்கே அழுக்கானது என்று சொல்ல முடியாது. பத்து நிமிடம்தான் கிடைக்கும். விளிம்பில் குனிந்து நின்று, நாற்பதடி ஆழத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஜூம் லென்ஸ்.

அண்ணனுடைய ஜூம், கேமரா கம்பெனி செய்தது அல்ல. அந்தக் கேமராவுக்குப் பொருந்தும்படி வேறொரு கம்பெனி செய்தது. பர்மா பஜாரில் பழையதாக வாங்கினார். கீழ்நோக்கிப் பிடித்தால் தன் எடையாலேயே நழுவி நீளும். அவர் சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி ஜூம் திருப்பும் இடத்தில் மாட்டினார். நழுவுவது நின்றது. டியூபை மாற்றி மாற்றி ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

2002-இல், படங்களின் ஓரம் மங்கலாக இருப்பதாக இன்சூரன்ஸ் ஆபீஸில் குறை சொன்னார்கள். அடுத்த கப்பலிலும் இப்படி வந்தால் வேறு ஸ்டுடியோவைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று மஜீது பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். சொன்ன கையோடு, கேமரா கம்பெனியே செய்த ஜூம் லென்ஸ் ஒன்றைத் தன் செலவில் வாங்கிக் கொடுத்தார்.

அருமையான லென்ஸ். நழுவவே இல்லை. ஆனால் பழையதில் இடப்பக்கம் திருப்பினால் கிட்டத்தில் வரும். இதில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். பழையதில் முன்னால் இருக்கும் வளையம் ஜூம். இதில் முன்னால் இருப்பது ஃபோகஸ், ஜூம் பின்னால். அண்ணன் ஃபிலிம் போடாமல் ஒரு வாரம் பழகினார். விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் கை மாறுகிற மீன் கூடைகளைத் துரத்தித் துரத்திப் பார்த்தார். பாதிக் கூடைகள் கிட்டே வருவதற்குப் பதில் தூர ஓடிப்போயின.

அவர் மனைவி ஹில்டா அக்காவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "இப்பல்லாம் கொழாவக்கூட ஏறுமாறாத் திருப்பினு கீற. கப்பலாண்ட போயி இன்னா பண்ணப் போறியோ."

அக்கா சொன்னதுதான் நடந்தது. காகித உருளைகள் ஏற்றிய கப்பல். மூடி திறந்தது. மூலையில் ஒரு வரிசை நனைந்து உப்பியிருந்தது. அண்ணன் குனிந்து அதைக் கிட்டத்தில் இழுக்கப் பார்த்தார். ஒன்பது வருடம் பழகிய கை இடப்பக்கம் திருப்பியது. உருளைகள் தூரத்துக்குப் போயின. பதறிப்போய் டியூபைத் தேடிய விரல் முன் வளையத்தைப் பிடித்தது, எல்லாம் மங்கியது. மேஸ்திரி மாரியப்பன் ஆட்களோடு ஏணிப் பக்கம் நின்றுகொண்டு, "நைனா, எறங்கலாமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஐந்து நிமிடம் போயிருந்தது. எடுத்தது இரண்டே படம்.

அண்ணன் பையிலிருந்து பழைய லென்ஸை எடுத்தார். பக்கத்தில் நின்ற பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா முத்து பண்ற?"

"லென்ஸு மேல தப்பில்ல பாய். என் கை இன்னும் அதுக்குப் பழகல. இன்னிக்கி விட்டா இந்தச் சரக்கு இப்டியே இருக்காது."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் பழைய லென்ஸை மாட்டினார். ஓரம் மங்கும் என்பதால், நனைந்த ஒவ்வொரு உருளையையும் நடுவில் வைத்து, ஒரு படம் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று எடுத்தார். மீதி நேரத்தில் ஃபிலிம் முழுவதும் தீர்ந்தது.

நான்காம் நாள் பாய் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். படங்களை ஏற்றுக்கொண்டார்களாம். வேறு ஸ்டுடியோ பேச்சு நின்றுவிட்டதாம். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "நான் ஆசையா வாங்கினது பீரோவுல தூங்கவா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் உள்ளே போய்ப் புது லென்ஸை எடுத்து வந்தார். அதன் ஜூம் வளையத்தின் மேல் சைக்கிள் டியூப் ஏறியிருந்தது. டியூபின் மேல் பஞ்சர் ஒட்டுகிற துண்டு ஒன்று மேடாக ஒட்டியிருந்தது.

"புது லென்ஸுக்குப் பஞ்சரா?" பாய் அதிர்ந்துபோனார்.

நழுவுவதைத் தடுக்க அல்ல என்று அண்ணன் விளக்கினார். டியூப் தட்டுப்பட்டால் அதுதான் ஜூம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கட்டைவிரல் மேட்டின் இடப்பக்கம் வந்து உட்காரும், அங்கிருந்து வலப்பக்கம்தான் தள்ள வரும், தள்ளினால் சரக்கு கிட்டத்தில் வரும். இடமா வலமா என்று யோசிக்கவே வேண்டாம், மேட்டைத் தள்ளினால் போதும்.

பாய் அதை வாங்கி, கண்ணில் வைத்து, எதிர் மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார். மேட்டைத் தள்ளினார். இழுத்தார். மறுபடி தள்ளினார். திருப்பிக் கொடுக்கவே மனமில்லாமல் நின்றவரிடம் ஹில்டா அக்கா டீயை நீட்டிவிட்டு, சமையலறைக் குழாயிலும் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த கப்பலுக்கு அண்ணன் புது லென்ஸோடுதான் போனார். உப்புக்காற்றில் டியூப் சீக்கிரம் வெடிப்பு விட்டுவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாயே ஒரு டியூப் துண்டு வாங்கி வந்து கொடுத்துவிடுகிறார்.