வெர்லின் டாக்கெட்டிடம் சொல்லாமல் விட்ட வாக்கியம்

வெர்லின் டாக்கெட் கூரை போடுகிறவன். ஓஹாயோவில் எங்கள் ஊரின் பாதி வீடுகளுக்கு அவன்தான் கூரை போட்டிருக்கிறான். குடித்தால் மட்டும் வேறு ஆள். அப்படிக் குடித்துவிட்டு ஒருவனைச் சுத்தியலால் அடித்து, எட்டு வருடம் உள்ளே போனான். தீர்ப்பன்று நீதிமன்றத்தில் பேசியதையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான்.

வெளியே வந்தபின் மூன்று வருடம் கண்காணிப்பு உண்டு என்று நீதிபதி வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவருக்குப் பல்வலி, மறந்துவிட்டார். சொல்லாவிட்டால் அது செல்லாது. ஆள் வெளியேறும் முன் திரும்ப அழைத்துச் சொல்லலாம். வெளியேறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

விடுதலைக்குப் பத்து நாள் இருக்கும்போது பழைய பதிவைப் புரட்டினேன். விடுபட்டது கண்ணில் பட்டது. என் வாய் சும்மா இருக்குமா? மதியம் பீன்ஸ் சூப்பில் சோள ரொட்டியைப் பிட்டுப் போட்டபடி குமாஸ்தா டுவைட்டிடம், "உங்க நீதிபதி அன்னைக்கு நல்லா கோட்டை விட்டாரு" என்று சிரித்தேன். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அரசு வக்கீலிடம் ஓடினான்.

வெள்ளிக்கிழமை விடுதலை. புதன்கிழமை வெர்லினை விலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீதிபதி மூன்று வருடக் கண்காணிப்பைச் சேர்த்தார். அது முடியும்வரை அனுமதியில்லாமல் ஓஹாயோ மாநிலத்தைத் தாண்ட முடியாது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா தலையாட்டிட்டுப் போயிருப்பேன் ஐயா. இப்ப எம்பொண்ணு கென்டக்கில எனக்குன்னு ரூமுக்கு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கா. அங்க போகலாமா?"

"கண்காணிப்பு அதிகாரிகிட்ட மனு போடுங்க."

போட்டான். தள்ளிவிட்டார்கள். அவன் இந்த ஊரிலேயே ஒரு விடுதி அறையில் கிடந்தான். கென்டக்கி மாநிலம் ஆற்றுக்கு அந்தப்பக்கம்தான். பாலத்தில் நின்றால் தெரியும்.

நாலு மாதம் கழித்து என் மேசைக்கு வந்தான்.

"மேடம், அந்த முதல் தீர்ப்போட நகல் வேணும். தண்டனை முடிஞ்சா நேரா வர்றேன்னு பொண்ணுகிட்ட எட்டு வருஷமா சொல்லிட்டேன். இப்ப வர மனசில்லாம கதை விடுறேன்னு நினைக்கிறா. போனை எடுக்க மாட்டேங்கிறா. அதுல கண்காணிப்பே இல்லேன்னு காட்டினா நம்புவா."

நகல் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இத்தனை வருஷம் யாருக்கும் தெரியலையே. யாரு மேடம் கண்டுபிடிச்சது?"

சொல்லியிருக்கலாம். சொல்லி மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

"தெரியலப்பா" என்றேன்.

"யாரா இருந்தா என்ன, அவங்க வேலையைத்தானே பார்த்தாங்க" என்று அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.