குரல் வராத மூன்று காலைகள்

விஜயபுரம் பக்கத்துப் பத்மினி, திருப்பதியில் ஒரு கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். தினமும் நகரியில் ரயில் ஏறி வந்து போவாள். அவள் நைனா என்றழைக்கும் அப்பா, முதலில் கூலிக்குக் கடலை பிடுங்கி, பின்னால் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கி, அவளை டிகிரி வரை படிக்க வைத்திருந்தார்.

அந்த மருத்துவமனையில் டோக்கன் எண்ணைப் பலகையில் காட்டினால் மட்டும் போதாது. சொட்டு மருந்து விட்டுக் கண் மங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பலகையே தெரியாது. அதற்காக, தெலுங்கிலும் தமிழிலும் எண்ணைக் கூப்பிடும் சேவை ஒன்றைப் பத்மினி அமைத்திருந்தாள். தமிழ்க் குரல் அவளுடையதே.

இரண்டு நாள் லீவு முடிந்து வியாழக்கிழமை அவள் வந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. நகரி நெசவாளி வேதாச்சலம் சீட்டை நீட்டினார். "இது எப்ப வரும்மா? ஒண்ணும் கூப்பிடலியே."

சீட்டில் பதினான்கு. பலகையில் பதினேழு. பத்மினிக்குச் சுருக்கென்றது. அவரைக் கைப்பிடித்து டாக்டரிடம் விட்டுவிட்டு, கவுண்டரிலிருந்த ஹரிபாபுவிடம் போனாள்.

"மூணு நாளா இப்டித்தான்க்கா. காலைல மிஷின் போட்டா குரல் வரல. நாந்தான் கையால ஸ்டார்ட் பண்ணிக்கினு இருக்கேன். இன்னிக்குக் கூட்டத்துல மறந்துட்டேன். சர்வீஸ் ஃபைல்ல ரெண்டு லைன் சேக்கலாம்னு பாத்தா, சேவே ஆவல."

பத்மினிக்குச் சிரிப்பு வந்தது. "ஆவாதுப்பா. இந்த மிஷினுக்கு என்னென்ன வேணும்னு ஒரே எடத்துல எழுதி வெச்சிருக்கேன். அதைப் படிச்சிதான் மத்த ஃபைலெல்லாம் அதுவே உண்டு பண்ணிக்குது. மாத்தணும்னா அங்கதான் மாத்தணும்."

முதலில் சேவையைத் தொடங்கி வைத்தாள். குரல் வந்ததும் காத்திருந்த முகங்கள் நிமிர்ந்தன. பிறகு அன்று காலையின் பதிவுகளைத் திறந்தாள். எட்டு மணி நான்கு விநாடிக்குச் சேவை எழுந்திருக்கிறது. ஒலிக் கோப்புகளின் ஃபோல்டர் இல்லை என்று நின்றுபோயிருக்கிறது. ஐந்து முறை முயன்று, கைவிட்டுவிட்டது. அந்தக் கோப்புகள் இருந்த டிஸ்க் வந்து சேர்ந்ததோ அரை நிமிடம் கழித்து.

லீவுக்கு முந்தின நாள் அந்தக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றியது அவள்தான். அப்போது டிஸ்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. மிஷினை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை.

"தப்பு என்னுதுதான் ஹரி," என்றாள்.

அந்த டிஸ்க் வந்த பிறகே சேவை தொடங்கவேண்டும் என்று, எல்லாம் எழுதி வைத்திருந்த அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தாள். அவசரத்தில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனது. மிஷின் அதை ஏற்காமல் பிழை காட்டியது; ஓடிக்கொண்டிருந்த குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்தி மறுபடி கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது.

மதியம் கூடம் காலியானதும் ஹரிபாபு எழுந்தான். "வாங்கக்கா, துன்னுட்டு வந்து பாக்கலாம்."

"ஒரு தபா ஆஃப் பண்ணிப் போட்டுட்டு வரேன். இல்லாங்காட்டி சோறு எறங்காது."

மிஷின் அணைந்து எழுந்தது. அரை நிமிடம் இருவரும் திரையையே பார்த்தார்கள். டிஸ்க் வந்தது. அதன் பின்னாலேயே சேவை எழுந்து, பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழுந்தது.

"இதை நானே பாக்கறதுக்கு என்ன கமாண்ட்?" என்றான் ஹரிபாபு.

அவள் சொல்லச் சொல்ல அவனே அடித்துப் பார்த்தான். அன்றைக்கு அவள் கொண்டுவந்த புளிச்சோற்றை இருவரும் சீக்கிரமே காலி செய்தார்கள்.