தேயிலை மலையிலிருந்து இறங்கிய வண்டி

ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து மூன்று வருஷம் ஆகியும் வண்டி வரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் அது ஒன்றும் அதிசயமில்லை. என் வீட்டுக்காரர் இவருக்குக் கிண்டியில் ஆபீஸ். மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் வருவார். ஒரு நாள் சாயங்காலம் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தவர், "பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கிடப் போறேன்" என்றார்.

"மோட்டார் சைக்கிளா? அது போலீஸ்காரா ஓட்டறதுடா" என்றார் என் மாமியார்.

"போலீஸ்காராளுக்கும் அம்மா இருக்காம்மா."

இவர் என்னைவிட இரண்டு அங்குலம் குள்ளம். கல்யாணப் போட்டோவில்கூட அவருக்கு மட்டும் மனைப் பலகை போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கும் உயரத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். பின்னால் உட்காரப் போகிறவள் நான் என்பதால் வண்டி பார்க்க என்னையும் அழைத்துப் போனார். முதலில் பார்த்தது பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த வண்டி. விற்கிறவர் ஏறி நின்று உதைத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு உதைத்தார். கிளம்பிய பிறகு சாவியைத் திருப்பி அணைத்தார். அணையவில்லை. சாவியைக் கையில் எடுத்துக் காட்டினார். அப்போதும் வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார்! நடு ரோட்ல நின்னுடுமோன்னு பயமே வேணாம்" என்றார்.

மெக்கானிக் இவரைத் தனியே இழுத்துப் போனார். "வேணாம் நைனா. இது யார் பேச்சும் கேக்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்குப் போனோம். நீலகிரியில் தேயிலை எஸ்டேட் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மலையில் ஓட்டிய வண்டியை விற்கிறார் என்று தகவல். கேட்டைத் திறந்ததும் மாமரத்தடியில் அது நின்றது. வெளிநாட்டு வண்டி. ஒல்லியாக, நெடுநெடுவென்று, வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. டயர் முழுக்கப் பலாப்பழம் போல முள் முள்ளாகக் கட்டைகள். ஒரே ஒரு சிலிண்டர். புகைக்குழாய் கீழே போகாமல் இடுப்பு உயரத்தில் இடது பக்கமாக ஏறிப் போயிற்று.

மானேஜர் ஆறடிக்கு மேல் இருந்தார். நாங்கள் வண்டியைச் சோதிப்பதற்கு முன்னால் அவர் எங்களைச் சோதித்தார்.

"எங்கே ஓட்டப் போறீங்க?"

"மயிலாப்பூர்லேர்ந்து கிண்டி வரைக்கும் சார்."

"அங்கே மேடு எல்லாம் எப்படி?"

இவர் யோசித்தார். "அடையாறு பாலம் கொஞ்சம் ஏத்தமா இருக்கும் சார்."

மானேஜரின் முகம் வாடிவிட்டது. பெண்ணைக் கொடுக்கும் இடம் சரியில்லை என்று தெரிந்த தகப்பன் மாதிரி வண்டியைப் பார்த்தார். பிறகு ஏறி, ஒரே உதையில் கிளப்பி, தோட்டத்தைச் சுற்றி வந்து, தன் வீட்டு வாசற்படி நான்கையும் வண்டியோடு ஏறி வராந்தாவில் ஒரு வட்டம் போட்டு அதே படி வழியாக இறங்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "வராந்தா இப்பத்தான் துடைச்சேன்" என்றார். இது அந்த வீட்டில் வழக்கம்தான் போலிருக்கிறது.

இவர் கையைக் கூப்பிவிட்டார். நான் பார்த்தேன்.

மெக்கானிக் மட்டும் மயங்கவில்லை. எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் எல்லாரையும் காக்க வைத்தார். சூடான வண்டி எல்லாம் நல்ல வண்டிதான், ஆறின பிறகுதான் குணம் தெரியும் என்றார். பின்பு மறுபடி கிளப்பச் சொல்லிப் புகையின் நிறத்தைப் பார்த்தார். குழாயின் வாயில் விரலை விட்டு முகர்ந்தார். சைக்கிள்காரர்கள் செய்கிற மாதிரி, சக்கரங்களின் பக்கவாட்டில் ஒரு கயிறு பிடித்து நேர் பார்த்தார்.

"இன்ஜின் சோக்கா கீது சார். ஆனா இது மலையேற்ற வண்டி. தார் ரோட்ல இந்த டயரு மாவு மிஷின் மாரி கத்தும். டயர மாத்தணும். பின்னாடி பல்சக்கரம் பெருசா கீது, மேட்ல நல்லா இழுக்கும், ரோட்ல வேகம் வராது. சின்னதா ஒண்ணு கடைஞ்சு போட்டுரலாம். ஸ்பேரு எதுவும் இந்த ஊர்ல கெடைக்காது. அத்த நான் பாத்துக்கறேன்."

"உட்கார்ந்து பாருங்க" என்றார் மானேஜர்.

இவர் காலைத் தூக்கினார். எட்டவில்லை. வராந்தாப் படியிலிருந்து ஏறினார். ஏறிய பிறகு இரண்டு காலும் காற்றில் ஆடின. வண்டியை ஒரு பக்கம் சாய்த்தால்தான் ஒரு கால் கட்டைவிரல் மண்ணைத் தொட்டது.

"பரவாயில்லை சார். ஓடும்போது எதுக்குக் கால் தரையில படணும்?" என்றார் இவர்.

"நிக்கும்போது படணுமே நைனா" என்றார் மெக்கானிக்.

என் முறை வந்தது. எல்லாப் பெண்களும் உட்காருகிற மாதிரி இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம்தான். ஏதோ தீய்கிற வாசனை வந்தது. மானேஜர் வீட்டுச் சமையலறையைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். என் நைலக்ஸ் புடவையின் கரை புகைக்குழாயில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் முகம் சுருங்கியது. இனி நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்துவிட்டார்.

மானேஜர்தான் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "நீங்க ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கம்மா" என்றார்.

புடவையைக் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி நின்றேன். என் இரண்டு கால் நுனியும் தரையில் பதிந்தன. அவர் சொன்னபடி மெதுவாக மிதித்து, ஓரிடத்தில் கடினப்பட்டதும் முழு எடையையும் போட்டு உதைத்தேன். டப் என்று ஒரு அடி, அப்புறம் டப் டப் டப் என்று என் விலா வரைக்கும் அந்தச் சத்தம் ஏறியது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, என் பேச்சை ஒரே தடவையில் கேட்ட முதல் ஜீவன் அதுதான். கையில் பிடியைக் கொஞ்சம் முறுக்கினேன். மாமரத்திலிருந்து காக்காய் எல்லாம் பறந்தது.

"இதையே வாங்கிடலாம்" என்றேன்.

"புடவை?" என்றார் இவர்.

"தகரத்துல ஒரு மூடி போட்டுத் தர்றேன்மா" என்றார் மெக்கானிக்.

வண்டி மயிலாப்பூருக்கு வந்தது. மாமியார் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா, ஒட்டகத்துக்கு லைட் போட்டு வாங்கிண்டு வந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இவர் நிறுத்துவதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். நடைபாதைக் கல், கைவண்டி, தபால்பெட்டி என்று கால் ஊன்ற ஏதாவது இருக்கிற இடமாகப் பார்த்து நிற்பார். லஸ் முனையில் போலீஸ்காரர் கை காட்டினால் நட்டநடுவில் நிற்க மாட்டார், ஓரமாக ஒதுங்கி நடைபாதையில் ஒரு காலை வைத்துக்கொள்வார். பிரேக் போட்டால் வண்டி முன்பக்கம் அமுங்கிக் குனியும். எதிரே வருகிறவர்கள் நமஸ்காரம் என்று நினைத்துப் பதிலுக்குத் தலையசைப்பார்கள்.

அந்த ஐப்பசியில் மாமியாரின் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபம் தி.நகரில். முதல் நாள் ராத்திரி, மண்டபத்துக் கொசுவுக்குப் பயந்து நாங்கள் மூவரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். விடிந்து பார்த்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாக்காரர் வர மறுத்தார். டாக்சி ஒன்று முனை வரை வந்து திரும்பிப் போயிற்று. எதிர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பத்தடி போனார், புகைக்குழாயில் தண்ணீர் புகுந்து, குமிழி விட்டுக்கொண்டு அது செத்துப்போயிற்று.

மாமியார் மடிசார் கட்டி, பூ வைத்து, தயாராக வாசலில் நின்றார். பெரியம்மா இல்லாமல் தாலி கட்டிவிடுவார்கள் என்பதை அவரால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. மணியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கடைசியில் வண்டியைப் பார்த்தார்.

"ஏண்டா, இதோட குழாய் மேலேன்னா இருக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப இதுக்குள்ள தண்ணி புகாதோ?"

இவர் பதில் சொல்வதற்குள் மாமியார் படியில் நின்றபடியே ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஆண்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டார். ஒன்பது கஜத்தைக் கச்சம் வைத்துக் கட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு அதைவிட வசதியான உடை கிடையாது என்பது அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. ஆறு கஜப் பெண்கள் நாங்கள் எல்லாரும் ஜன்னலிலும் வாசலிலும் நின்று பார்த்தோம். ஒரு கையில் குடை, ஒரு கை பிள்ளையின் தோளில். தண்ணீரை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு வண்டி போயிற்று.

"நடுவுல நிறுத்தாதே, உனக்குக் கால் எட்டாது!" என்று அவர் கத்தியது முனை திரும்பிய பிறகும் கேட்டது.

எனக்கு இடமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று நடந்தே போய்ச் சேர்ந்தேன். அங்கே தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாமியார் உறவுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, தேனாம்பேட்டை வளைவில் தானும் பிள்ளையும் வண்டியை எப்படிச் சாய்த்தார்கள் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "ஏண்டி இவ்வளவு நாழி?" என்றார்.

மத்தியானம் மழை விட்டது. திரும்பும்போதாவது ஏறிக்கொள்ளலாம் என்று வாசலுக்கு வந்தேன். மாமியார் ஏற்கெனவே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நீ மெதுவா வாடி" என்றார். "உனக்குத்தான் வழி பழகிடுத்தே."