ஏலக்காய் வாசம் அடித்த அட்டை

ஆடி மாதம் மதுரையில் சதைப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று, டாக்டர் அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மதினியையும் தங்கச்சியான என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். தொண்டையில் வந்த புற்று நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை, அடுத்த ஆடியைப் பார்ப்பது கஷ்டம் என்றார். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சில் இருந்த அண்ணனிடம் சிரித்த முகமாகச் சொன்னாள்: "சும்மா புண்ணுதானாம். மருந்துல ஆறிருமாம்."

எங்கள் பக்கம் இது ஒரு சட்டம் மாதிரி. நோயின் பெயர் சம்பந்திக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்கு நமக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியக் கூடாது. எனக்கு இது எப்போதுமே பிடிக்காது. திரும்பி வரும்போது அண்ணன் முன் சீட்டில் தூங்க, நான் ஆண்டிபட்டி வரைக்கும் மதினியோடு கிசுகிசுத்தே சண்டை போட்டேன். "அவுககிட்டச் சொன்னா அன்னைக்கே உசுர விட்டுருவாக. நீதான் பொறுப்பு" என்றாள். வீடு வந்ததும் சும்மா புண்ணுதான் என்றே நானும் அண்ணனிடம் சொன்னேன்.

பொய் சொல்ல நாங்கள் தேர்ந்தெடுத்த ஆளை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. அண்ணன் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையில் தலை நரைத்தவர். ஒரு கை அள்ளினால் எது போன பறிப்பில் மிஞ்சிய பழைய காய், எது சாயம் ஏற்றியது என்று சொல்லிவிடுவார். ஈரத்துணியில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பதெல்லாம் மற்றவர்களை நம்பவைக்கத்தான்.

அதற்கு முன்னால் மலைமேல் ஒரு ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். அங்கேதான் குளிருக்கு சிகரெட் பழகியது. அவர் பொக்கிஷமாகச் சேர்த்து வைத்த அட்டைப் படங்கள் வந்ததும் அங்கேதான். பழைய பங்களாவை இடித்தபோது பரணில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், கையில் உருண்டையாக ஒரு மட்டை. கிரிக்கெட் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மட்டை ஏன் உலக்கை மாதிரி இருக்கிறது என்று மதினி மட்டும் கேட்டாள். அது அமெரிக்காக்காரர்களின் பேஸ்பால் என்றும், நூறு வருசத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே வைத்துக் கொடுத்த அட்டைகள் என்றும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எந்தத் துரையின் மூட்டையில் வந்ததோ, யாருக்கும் தெரியாது.

அன்று முதல் அண்ணனுக்கு அதே வேலையாகப் போயிற்று. நான் தேனியில் ஆபீஸ் விட்டு வந்ததும் போனில் இங்கிலீஷில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும், அவர் கேட்டுக்கொள்வார். முகத்தைப் பார்த்து வருசம் சொல்ல முடியாது, திருப்பிப் பார் என்பார். ஒரே ஆளின் படம், ஆனால் பின்பக்கம் வேறு வேறு சிகரெட்டின் விளம்பரம். அதற்குக் கீழே வரி கட்டிய தொழிற்சாலையின் எண். ஆட்டக்காரன் எந்த வருசம் எந்த அணிக்கு மாறினான் என்பதை அதோடு சேர்த்தால், அட்டை அச்சான காலம் பிடிபட்டுவிடும். லென்ஸை வைத்தால் பழைய அச்சில் பெயர் எழுத்து முழுக் கறுப்பாக இருக்கும். இந்தக் காலத்து நகலில் அதே எழுத்து புள்ளி புள்ளியாக உடையும். ஒவ்வொரு அட்டையையும் ஒரு உறையில் போட்டு வருசம், வகை, கிடைத்த இடம் என்று மூன்று வரி எழுதி வைப்பார். பூச்சி வராமலிருக்க டப்பாவில் ஏலக்காயைத் துணியில் முடிந்து போட்டிருந்தார். டப்பாவைத் திறந்தால் வீடெல்லாம் பாயசம் வைத்த மாதிரி மணக்கும்.

அந்த வரிசையில் ஒரு அட்டை மட்டும் இல்லை. அதற்கும் உறை போட்டு வெறுமையாக வைத்திருந்தார்.

ஆடி போய் ஆவணி வந்தது. அண்ணன் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, "புண்ணு ஆறட்டும், தை பெறந்ததும் ஜீப்பப் பிடிச்சு மேல போயிட்டு வருவோம்" என்பார். தோட்டத்தை ஒருதரம் பார்க்க வேண்டும், பங்களா இருந்த மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அப்போது தெருமுனை டீக்கடை வரை நடந்தே போய் வருவார். நாளைக்கே போகலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும். அவசரப்படுத்தினால் சந்தேகப்படுவார் என்று மதினி கண்ணைக் காட்டுவாள். சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்தாள். தீபம் எரிந்ததே தவிர, புரட்டாசியில் சோறு இறங்குவது நின்றது. ஐப்பசியில் கட்டிலை விட்டு எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது.

அப்போதுதான் மதினி, வெறும் உறை மட்டும் இருந்த அந்த அட்டையைக் கேட்டாள். அது வந்தால் அவருக்கு மனசு தேறும் என்றாள். நிஜ அட்டைக்கு வீட்டை விற்றாலும் காணாது என்று சொன்னேன். நகல் கிடைக்குமா என்றாள். கிடைத்தது, வடக்கே ஒரு கடையிலிருந்து தபாலில், மொடமொடவென்று புதுசாக. அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, லென்ஸ் பிடிக்கக் கை நிற்காது, தெரியவா போகிறது என்று அவளே முடிவு செய்தாள். டீ டிகாசனில் நனைத்து, நிழலில் உலர்த்தி, முனைகளைக் கல்லில் லேசாகத் தேய்த்தாள். பிறகு ஏலக்காய் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். அவளுக்கு அந்த அட்டைகளின் வருசமோ வகையோ தெரியாது, வாசம் மட்டும்தான் தெரியும். பழையது என்றால் ஏலக்காய் மணக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். எனக்கும் உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் அதைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனவர், மூக்கருகிலேயே நிறுத்திக்கொண்டார்.

"இது எங்கன இருந்து வந்துச்சு?"

அமெரிக்காவிலிருந்து என்றேன்.

"அமெரிக்காக்காரன் இத ஏலக்காய் டப்பாலயா வச்சிருந்தான்?"

மதினி அடுப்படி வாசலில் நின்றாள். குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, யாரும் போய் அணைக்கவில்லை. அண்ணன் அட்டையைப் போர்வைமேல் வைத்து, தேய்த்த முனைகளை விரலால் தடவினார். சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு பொய்க்கு இம்புட்டுப் பாடுபட்டிருக்கீக. எனக்கு என்ன நோவு, ஆத்தா?"

மதினி தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. நான் சொல்லிவிட்டேன். தொண்டை, நெஞ்சு, டாக்டர் சொன்ன கெடு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. மதினிமேல், என்மேல், இப்படியே மூடி மூடி ஆளை அனுப்பி வைக்கிற எங்கள் சனத்தின்மேல். அவர் முகம் மாறாமல் கேட்டார். எப்போது தெரியும் என்று ஒன்றை மட்டும் விசாரித்தார். ஆடியில் என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் தென்னந்தோப்புக்கு மேலே மலை தெரியும். யாரிடமோ கணக்குக் கேட்பவர் போலச் சொன்னார்.

"ஆடியில என்னால நடக்க முடிஞ்சுச்சே."

மதினி வந்து அவர் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். உயிர் போய்விடும் என்று அவள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அவர் காலை நகர்த்தி அவளுக்குச் சாய்ந்துகொள்ள இடம் விட்டார். மறுநாள் நான் ஜீப்புக்குச் சொன்னேன், டிரைவரும் வந்தார். அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தபோதே மூச்சு வாங்கியது. வாசலைத் தாண்டாமல் இறக்கிவிட்டோம். மார்கழி முடிவதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து டப்பாவைத் திறந்தேன். வெறும் உறை வெறுமையாகவே இருந்தது. நகலை அவர் அதில் போட்டிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் நகலுக்கென்று புதிதாக ஒரு உறை போட்டு, நடுங்குகிற எழுத்தில் அதே மூன்று வரிகளை எழுதியிருந்தார். வருசம் என்ற இடத்தில் இந்த வருசம். வகை என்ற இடத்தில் போலி. கிடைத்த இடம் என்பதற்கு நேரே 'வீடு' என்று எழுதியிருந்தார்.