அம்மப்பாவின் எகிப்தியப் படம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பலெர்மோவில் எகிப்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் கிடையாது என்பது என் எண்ணம். நாலாம் வகுப்பில் எங்கள் மாஎஸ்த்ரா இரண்டு மாதமாக அதைத்தான் படிப்பித்துக்கொண்டிருந்தார். வீட்டில் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. நான் விடுவேனா? இறந்தவரின் இதயத்தை ஓர் இறகோடு வைத்து நிறுப்பார்கள் என்று அம்மா சமைக்கும்போது சொன்னேன். மூளையை மூக்கு வழியாக எடுப்பார்கள் என்று மாமா சாப்பிடும்போது சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் நாள் முழுக்க மீன் குடல் எடுக்கிற மனிதர். அவரே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்த நாட்களில்தான் ஊரில் அம்மப்பா இறந்துபோனார். அம்மாவின் அப்பா. அம்மாவால் போக முடியவில்லை. இங்கே தங்குவதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று எல்லோரும் பயம் காட்டினார்கள். செத்தவீட்டை அம்மா கைத்தொலைபேசியில்தான் பார்த்தார். கிரியைகளைப் பெரிய மாமா ஊரில் செய்தார். இங்கே எங்களுக்கு மிஞ்சியது முப்பத்தோராம் நாள் படையல் ஒன்றுதான். அதிலாவது ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவிடம் இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கியிருந்தார்.

அம்மப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல படம். அடையாள அட்டைக்கு எடுத்தது. மாமா அதை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சனிக்கிழமை கொண்டுவந்து சுவரோடு சாத்திவைத்தார். முகம், கழுத்து, இரண்டு தோள்கள். சட்டையின் இரண்டாவது பொத்தானோடு அம்மப்பா முடிந்துபோயிருந்தார்.

எனக்குப் பகீர் என்றது. எகிப்தியர் படங்களில் முகத்தைப் பக்கவாட்டிலும் தோள்களை நேராகவும் கீறியது, கீறத் தெரியாமல் அல்ல என்று மாஎஸ்த்ரா சொல்லியிருந்தார். கல்லறைக்குள் கீறும் படம் இறந்தவருக்கானது. படத்தில் எது இல்லையோ, அது மறு உலகத்தில் அவருக்கு இல்லாமல் போய்விடலாம். அதனால்தான் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் தவறாமல் தெரியும்படி கீறினார்கள். அப்படியென்றால் அம்மப்பாவின் கதி? முருங்கைக்காய்க் குழம்பும் வடையும் பயற்றம் பணியாரமும் முன்னால் இருக்கும், எடுத்துச் சாப்பிடக் கை இருக்காது.

அம்மாவும் மாமாவும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த குசினிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆயிரம் வேலை கிடக்கு. கரைச்சல்படுத்தாதை பிள்ளை" என்றார் அம்மா.

"அவருக்கு உன்னை மாதிரி வாய் இருக்குத்தானே. கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்" என்றார் மாமா.

பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வாழையிலை வாங்கப் போயிருந்தார். அம்மாவும் மாமாவும் குசினியில் இருந்தார்கள். நான் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய பெரிய மஞ்சள் அட்டையின் மேல்பக்கத்தில் பசை பூசி ஒட்டினேன். தோளிலிருந்து கைகளை இறக்கினேன். எகிப்திய ஆண்களுக்குச் செம்மண் நிறம், அம்மப்பாவும் கிட்டத்தட்ட அதே நிறம், எனக்கு வேலை மிச்சம். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிவிட்டேன். கீழே இரண்டு கால்கள், ஒன்றுக்கு முன் ஒன்றாக, நடக்கிற கால்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்களை எண்ணிக் கீறினேன்.

மாலையோடு உள்ளே வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த மாமா தலையில் கை வைத்தார்.

"ஐயோ! இண்டைக்கு ஞாயிறு, கடையும் பூட்டு. பன்னிரண்டு மணிக்குச் சனம் வரப்போகுது. விசரி, என்ன வேலையடி பாத்து வைச்சிருக்கிறாய்?"

அம்மா மாலையைக் கட்டிலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். படத்திலிருந்த முகத்தைப் பார்க்கவில்லை. நான் கீறிய கால்களையே பார்த்தார். இடது காலை முழங்காலிலிருந்து பாதம்வரை விரலால் தடவினார்.

"ஆர் பிள்ளை இதைக் கீறச் சொன்னது?"

"மாஎஸ்த்ரா. கீறாட்டி அங்கை அவருக்குக் கால் இருக்காதம்மா."

அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். இருந்த ஒரே படத்தைப் பாழாக்கிவிட்டேன் என்று நானும் பயந்து அழுதேன். மாமா அட்டையைப் பிடித்தார். "முகத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டத்துக்குள்ளை வைப்பம் அக்கா."

"தொடாதை. இப்பிடியே இருக்கட்டும்."

அம்மாவின் அந்தக் குரலைக் கேட்டு மாமா அட்டையிலிருந்து கையை எடுத்தார். மஞ்சள் அட்டை அப்படியே சுவரில் ஏறியது, அதன் மேல் மாலையும் விழுந்தது. வந்தவர்களில் ஊர்க்காரர் சிலர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். என் கைத்திறமையில் மயங்கிவிட்டார்கள் என்று நான் பெருமையோடு வடை பரிமாறினேன்.

எனக்குப் பதினாலு வயதானபோதுதான், மொண்டெல்லோ கடற்கரையில் வைத்து மாமா விஷயத்தைச் சொன்னார். அம்மப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், விட்டுவந்த வீட்டிலிருந்து அம்மாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை எடுத்துவரப் போனவர் மிதிவெடியில் கால் வைத்துவிட்டார். சின்னப்பிள்ளை பயந்துவிடும், சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். தொலைபேசியில் நான் பார்த்ததெல்லாம் மேசைக்குப் பின்னால் இருந்து சிரிக்கிற அம்மப்பாவைத்தான்.

படையலன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு, அம்மா என் கலர் பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, அம்மப்பாவுக்குச் செருப்பும் கீறிவிடு. வெறுங்காலோடை நடக்க வேண்டாம்."

கதிரையில் ஏறி நின்று கீறினேன். அம்மா கிட்ட வந்து பார்த்தார்.

"ரெண்டு காலுக்கும் போட்டனியோ?"

"ரெண்டு காலுக்கும்தானே அம்மா போடுறது!" என்று நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். இவ்வளவு சின்ன விஷயம்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.