சாவி இல்லாத இறக்கம்

மச்சானின் கார் சாவி என் மேஜைமேல் கிடக்கிறது. பித்தளைச் சாவி, பற்கள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டது. காரில் அது நுழையும் துளையும் அதே அளவுக்குத் தேய்ந்தது. அதனால், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொள்ளலாம், இஞ்சின் பாட்டுக்கு ஓடும். அணைக்க வேண்டுமென்றால் மறுபடி செருகித் திருப்ப வேண்டும். வாழ்நாளெல்லாம் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்தும் மறுத்தும் ஓய்வுபெற்றவன் நான். ஜனங்கள் எங்களைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். இப்படியொரு பூட்டோடு யாராவது என் முன்னால் வந்திருந்தால், காரணத்தைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். போடியில் ஏலக்காய் வியாபாரம். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கறுப்புக் கார், யார் யார் கையிலோ மாறி அவரிடம் வந்தது. கடையை மகனிடம் விட்டபின் அதில் ஊர் சுற்றுவதென்று தீர்மானித்தார். மூணாறு, வாகமண், கொடைக்கானல் என்று பட்டியல் நீண்டது. பழைய வண்டி மலையேறினால் கொதிக்கும். ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தார். இருக்கைகளுக்குப் பெல்ட், கூரைமேல் கேரியர். கடைசியாக மதுரைப் பட்டறை ஒன்றில், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் அதற்கொரு பூஸ்டரும் மாட்டினார். மாற்றங்களுக்கு முன் அனுமதி கேட்டு மனு எழுதியது நான். ஒரு காற்புள்ளிகூடப் பிசகாத மனு. ஆபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது.

பூஸ்டர் என்பது, மிதிக்கும் காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்தித் தரும் ஓர் உருளை. இஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்தான் அதன் பலம். இஞ்சின் நின்றுபோனால் மிச்சமிருக்கும் பலத்தில் இரண்டு மூன்று மிதி மிதிக்கலாம். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். இதை மச்சானுக்கு விளக்கினேன். மறுபடி விளக்கினேன்.

“தெரியும் மாப்ளே. நான் என்ன எல்.எல்.ஆர் போட வந்தவனா?” என்றார்.

தெரிந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மலைமேல் போடிமெட்டு தாண்டியதும் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் அடிவாரத்து முந்தல் வரை உருட்டிக்கொண்டே வருவது. பூமியே இழுத்துக்கொண்டு போகும்போது பெட்ரோல் எதற்கு என்பது வாதம். ஸ்கூட்டர்காரர்கள், ஜீப்புக்காரர்கள், சர்க்கார் சம்பளம் வாங்கிய நான், எல்லோரும் உருட்டியவர்கள்தான். மச்சானின் பழைய பிரேக்குக்கு இஞ்சின் ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். அதனால் அவருக்கு ஒன்றும் ஆனதில்லை. பத்திரத்துக்கென்று பூஸ்டர் மாட்டிய பிறகுதான் அந்தப் பழக்கத்துக்குப் பல் முளைத்தது.

மூணாறில் தங்கிவிட்டு ஒரு காலையில் இறங்கினோம். முன்னால் நாங்கள் இருவர், பின்னால் என் மனைவி. ஏலத்தோட்டங்களின் ஈரவாடை விலகி, கீழே வெயிலில் போடி தெரிய ஆரம்பித்தது. மச்சான் ஏதோ பழைய ஏலக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு நிசப்தம். டயர் உருளும் சத்தம் மட்டும். அது என்ன நிசப்தம் என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு வளைவைக் கடந்திருந்தோம். அவர் பிரேக்கைப் பயன்படுத்தியும் விட்டிருந்தார். அடுத்த மிதியில் வண்டி பாதிதான் அடங்கியது. அதற்கடுத்த மிதியில் அவர் முகம் மாறியது.

“மாப்ளே, பெடலு எறங்க மாட்டேங்குது.”

தெரியாதவனுக்கு மொத்தமாக ஒரே பயம். தெரிந்தவனுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பயம். உருளைக்குள் வெற்றிடம் தீர்ந்ததை நான் கண்ணால் பார்ப்பதுபோல உணர்ந்தேன். சாவியைப் போடுங்கள், கியரில் தள்ளுங்கள் என்று கத்தினேன். நடைமுறை சரிதான். அந்த வேகத்தில், அந்தக் காலத்துக் கியர்ப்பெட்டி நறநறவென்று பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. கீழேயிருந்து, தோட்டத்துக்குப் போகும் பெண்களை நிறைத்துக்கொண்டு ஒரு ஜீப்பு ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அதுவும் நினைவுக்கு வந்தது. பின்னாலிருந்து ஒரே ஒரு குரல்: “அண்ணே.” அதில் பதற்றம்கூட இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதுபோலக் கூப்பிட்டாள்.

நான் இரண்டு கையாலும் கைப்பிரேக்கை இழுத்தேன். மச்சான் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். வண்டி வடிகாலில் இறங்கி, பாறையைத் தேய்த்துக்கொண்டே போய், மட்கார்டு கிழிந்து நின்றது. அந்த இடத்தில் இடதுபக்கம் மலை. அடுத்த வளைவைத் தாண்டியிருந்தால் இடதுபக்கம் பள்ளம்.

ஜீப்பு நின்றது. “ஆத்தாடி, கார்காரவுக பாறைக்கு முத்தம் குடுக்குறாகளே!” என்றாள் ஒருத்தி. மொத்த ஜீப்பும் சிரித்தது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தவன் மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, ஆஃப் பண்ணீகளா?” என்று கேட்டான். மச்சான் தலையாட்டினார். அவன் தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

மட்கார்டு ஒட்டி, சாயம் பூசியதும் மச்சான் அடுத்த பயணத்துக்கு அழைத்தார். நான் வரவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி பேசினாள்.

“வர்றோம்ணே. ஆனா எறக்கத்துல சாவி ஏங்கிட்ட இருக்கும்.”

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. போடிமெட்டில் ஓடும் இஞ்சினிலிருந்து சாவியை உருவி மச்சான் பின்னால் நீட்டுவார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொள்வாள். முந்தல் வந்த பிறகுதான் முடிச்சு அவிழும். இடையில் இஞ்சினை அணைக்க அவரால் முடியாது. ஆனாலும் கீழே போடி தெரியும் இடம் வந்தால் அவர் கை தானாகப் போய் அந்த வெறும் துளையைத் தடவும். நான் விடமாட்டேன். “என்ன மச்சான், பெட்ரோல் மிச்சமா?” என்பேன்.

“கைதான் போகுது மாப்ளே, நான் போகல” என்று சிரிப்பார்.

அவர் கடைசியில் போனது சமதளத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொந்தக் கட்டிலில். காரை மகன் என்னிடம் ஒப்படைத்தான். ஓட்டாமல் வைத்தால் கெட்டுவிடும் என்பதால், போன வாரம் நானும் மனைவியும் மேலே போய்வந்தோம். முன்னிருக்கை காலியாக இருந்தும் அவள் பின்னால்தான் உட்கார்ந்தாள். போடிமெட்டில் கையை நீட்டினாள். பிரேக் இன்ஸ்பெக்டரிடமே சாவி கேட்கிறாயா என்று சொல்ல வந்தவன், சாவியை உருவிக் கொடுத்தேன்.

இரண்டாவது கியரில் இஞ்சின் முனகியபடி இறங்கியது. பாறையில் கறுப்புக் கீறல் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். கீழே வெயிலில் போடி தெரிந்தது. அப்போது என் விரல்கள் எதையோ திருப்பிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். வெறும் துளை. கை எப்போது ஸ்டியரிங்கை விட்டது என்று எனக்குத் தெரியாது.

“ரெண்டு கையும் வளையத்துல இருக்கட்டும்” என்றாள் பின்னாலிருந்து.

நேற்றுப் பூட்டுக்காரர் போன் செய்தார். பூட்டை மாற்றித் தரச் சொல்லி நான்தான் முன்பு அவரிடம் கேட்டிருந்தேன். விதிப்படி மாற்றத்தான் வேண்டும். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுப் பூட்டில், ஓடும்போது சாவி கழலாது.