வயிற்றுக்கு நேரே ஒரு வெள்ளை வட்டம்

“ஹலோ… ஹலோ… அம்மா, ஃப்ரீஸ் ஆயிட்ட!”

போன ஞாயிற்றுக்கிழமை காலை. போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நான். சென்னையில், தன் ஃப்ளாட்டின் ஹாலில், மகள் கயல். நடுவில் வீடியோ கால். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து ச்சீகோங் செய்கிறோமாம்! கழுத்து வலி என்று அவள் புலம்பப்போய், “என்னோட சேர்ந்து பண்ணு, ஒரே மாசத்துல ஓடிடும்” என்று நான்தான் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்.

“அம்மா, கேக்குதா? நெட் போயிடுச்சு போல… இரு, கட் பண்ணிட்டு வரேன்.”

நெட் எங்கேயும் போகவில்லை. நான்தான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் லேசாக மடங்கி, இரண்டு கையும் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்த மாதிரி முன்னால் வளைந்து, கண் மூடி, வாய் மூடி. பதினொரு வருடமாக, தினமும், இந்த இடம் வந்தால் நாலு நிமிடம் இப்படித்தான் நிற்பேன். நிற்கும்போது பேசக் கூடாது. அதனால், ‘நான் ஃப்ரீஸ் ஆகலடி’ என்று சொல்லவும் வழியில்லை.

மறுபடி கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் குழப்பம்.

“நாலு நிமிஷமா? ஒரிஜினல் வீடியோல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. கையை வளைக்கிறாரு, ஒரே ஒரு மூச்சு, அடுத்ததுக்குப் போயிடறாரு. நானே அதைப் பாத்துதானே பண்றேன்.”

லிங்க் அனுப்பினாள். பார்த்தேன். அதே சீன மாஸ்டர், அதே வெள்ளை பைஜாமா, அதே மூங்கில் மரம். கையை வளைத்தார். மூச்சு விட்டார். கையைக் கீழே இறக்கிவிட்டார்… அவ்வளவுதான்!

எனக்கு அப்படியே தலை சுற்றியது.

என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் ச்சீகோங் புராணம் அத்துப்படி. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இது சீனர்களின் மூச்சுப் பயிற்சி. கையை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கி, மூச்சோடு உடம்பைக் கூட்டிக்கொண்டு போவது. ‘ச்சீ’ என்றால் அவர்கள் பாஷையில் உயிர்ச்சக்தி. நம் பாஷையில் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஹிந்தியிலும் அதேதான். ஆரம்பித்த முதல் வாரம், கீழ் வீட்டு பெங்காலி அக்கா, எங்களுக்குள் தீதி, நிமிர்ந்து பார்த்து, “சுபே சுபே க்யா கர்தா ஹை, தீதி?” என்று ஆசையாகக் கேட்டாள். காலங்கார்த்தாலே என்ன செய்கிறாய் என்று கேட்ட மனுஷிக்கு நான் சொன்ன பதில், “ச்சீ!” இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பாவம்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தூக்கம் சரியில்லை, கழுத்தைத் திருப்ப முடியாது. யாரோ ச்சீகோங் செய்து பார் என்றார்கள். சரி, எங்கே போய்ப் பார்ப்பது? கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. போர்ட் பிளேரில் ஒரு வீடியோ பார்க்க உட்கார்ந்தால், சோறு வடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அரை நாள் அதை ஓடவிட்டு, ஸ்க்ரீனில் ஓடியதை அப்படியே ரெக்கார்ட் செய்து, நின்று நின்று போன இடங்களையெல்லாம் வெட்டி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஒரே ஓர் இடத்தை மட்டும் வெட்ட மறந்துவிட்டார்.

அந்த இடத்தில் மாஸ்டர் கையை வளைத்து நிற்பார். இசையும் நின்றுவிடும். அவருடைய வயிற்றுக்கு நேரே, வளைந்த கைகளுக்கு நடுவில், ஒரு சின்ன வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும்… சுற்றும்… நாலு நிமிடம் சுற்றும்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு அது பஃபரிங் என்று தெரியவில்லையா என்று கேட்பீர்கள். பென் டிரைவில் ஏதுங்க பஃபரிங்? அதற்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வயிற்றுக்குள் சக்தி சுழல்வதைத்தான் கிராஃபிக்ஸில் காட்டுகிறார்கள்! எவ்வளவு நுட்பமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று மாஸ்டருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடுகூடப் போட்டேன்.

அன்றிலிருந்து நானும் கண்ணை மூடி, வயிற்றுக்குள் ஒரு வெள்ளை வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் அந்த நிலைக்குப் பெயரே வந்துவிட்டது. “அம்மா எங்கே?” “சுத்துறா.”

ஒரு தடவை அப்படி நிற்கும்போது பாதத்திலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி முழங்கால் வரை ஏறியது. ஆஹா, இத்தனை வருட உழைப்புக்குப் பலன் வந்துவிட்டது என்று புல்லரித்துப் போய் நின்றேன். கீழ் வீட்டு தீதி, “பூகம்ப்! பூகம்ப்!” என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியபோதுதான் அது யாருடைய சக்தி என்று தெரிந்தது.

சரி, பதினொரு வருடத்தில் என்னதான் கண்டாய்? தூக்கம் வந்தது. கழுத்து முக்கால்வாசி திரும்புகிறது. கோபம் குறைந்ததா? அதை என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல மாட்டார்.

அவர் எதற்குமே பதில் சொல்லாத ஆள். லிட்டில் அந்தமானில், ஹட் பேயில் வளர்ந்தவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம். ஹட் பேக்கும் போர்ட் பிளேருக்கும் ஓடுகிற கப்பலில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட அவர் பேச மாட்டார். நான் விட்டால்தானே என்று கயல் சொல்வாள்.

இரண்டு மாதம் முன்னால் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டெஸ்ட் எடுத்தோம். இதயத்தில் அடைப்பு. இங்கே முடியாது, மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கயல் சென்னையில் எல்லா ஏற்பாடும் செய்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஃப்ளைட் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

இவர் சொன்னது ஒரே வார்த்தை. “ஏலாது.”

ஏன் முடியாது? எழுந்து டீ போடப் போய்விட்டார். நான் விட்டேனா? டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இதே ஆபரேஷன் முடித்துவிட்டு வாலிபால் ஆடுகிற என் ஆபீஸ் ஆளைச் சொன்னேன். பிடிவாதம் என்றேன். என்னைப் பற்றி நினைத்தீர்களா என்று அழுதேன். பெட்டியை எடுத்து ஹாலில் வைத்தேன். அது திறந்து கிடந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். எனக்குப் பயம். இந்த மனுஷன் போகாமலே இருந்துவிட்டால்?

இந்த லட்சணத்தில்தான் கயலின் லிங்க் வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் திருத்திய ச்சீகோங் செய்தேன். கையை வளை, ஒரு மூச்சு, இறக்கு, அடுத்தது. நாலு நிமிடம் மிச்சம்! ஆபீசுக்குக்கூடச் சீக்கிரம் போனேன்.

மூன்று நாளும் வழக்கமான நேரத்துக்கு அவர் தன் பால் விடாத பிளேன்டீயோடு வராந்தா வாசலுக்கு வந்தார். பார்த்தார். நான் அடுத்த அசைவில் இருந்தேன். திரும்பிப் போனார். புதன்கிழமை மட்டும் கேட்டார்.

“இன்னைக்கும் சுத்தலையா?”

“அது தப்பாங்க. நெட் கோளாறாம். கயல் கண்டுபிடிச்சா. சரி பண்ணிட்டேன்.”

“ஓ.”

டீ கிளாஸோடு உள்ளே போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஆபீசில் ஒரு ஃபைலைத் திறந்தேன். திறக்கவில்லை. கேபிள் வந்தும் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் புத்தி வரவில்லை. ஸ்க்ரீனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து சீட் தெலுங்குக்காரர் ராவ் காரு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “அச்சா, சொல்லுங்க மேடம், சாருக்கு எப்படி இருக்கு?” என்றார். காலையிலிருந்து ஒரே அறையில் இருக்கிறோம். வட்டம் சுற்றினால்தான் எங்கள் ஆபீசில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். வேகமான நெட் எங்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது, இந்தப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டது.

“அவர் எங்கே ராவ் காரு வாயைத் திறக்கறார்…” என்று ஆரம்பித்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன்.

வாயைத் திறக்கிறவர்தானே? தினமும் திறந்தாரே!

இத்தனை வருடமாக, நான் சுற்றிக்கொண்டு நிற்கும்போதுதான் அவர் வாசலில் வந்து நின்று பேசுவார். ‘டேங்க்ல பாசி புடிச்சிருக்கு.’ ‘பாராடாங்ல படகுக்குக் காத்து நின்னப்ப உங்க அண்ணனப் பார்த்தேன், மெலிஞ்சு போனாரு.’ ஒருநாள், ‘கயல் மெயின்லேண்ட் போன அன்னைக்கு கப்பல் ஜெட்டில நான் அழுதேன். நீ பார்க்கல.’ நான் கண்ணைத் திறக்க மாட்டேன். வாயையும்தான். ஆலோசனை சொல்ல மாட்டேன், குறுக்கே பேச மாட்டேன், அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிக்க மாட்டேன். ஒரு நாளைக்கு அந்த நாலு நிமிடம் மட்டும்தான் அந்த மனுஷனுக்கு என் வாயிலிருந்து லீவு கிடைத்தது. அதை நான் வெட்டி எறிந்துவிட்டேன். அதுவும் எந்த வாரத்தில்!

வெட்கமாக இருந்தது எனக்கு.

வியாழக்கிழமை காலை ஐந்து மணி. நம் தீவில் அதற்குள் வெயில் வந்துவிடுமே. வராந்தாவில் நின்று முதல் மூன்று அசைவுகளை முடித்தேன். கையை வளைத்தேன். கண்ணை மூடினேன். வட்டத்தைச் சுற்றவிட்டேன்.

செருப்புச் சத்தம். வாசலில் நின்றது.

டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

“மல்லிகா… கப்பல்ல எத்தனை பேஷண்ட ஏத்தியிருப்பேன், தெரியுமா? ஹட் பேலருந்து, ஸ்ட்ரெச்சர்ல. பெங்காலி, தெலுங்கு, நம்ம ஆளுங்க, எல்லாரும். ஏத்துறப்ப கையைப் புடிச்சிக்குவாங்க. எல்லாருக்கும் ஒண்ணுதான் சொல்லுவேன். குச் நஹி ஹோகா. ஒண்ணும் ஆகாது.”

மறுபடி டீ.

“சில பேரு திரும்பி வரல. அவங்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.”

என் கை கனத்தது. ஆனாலும் இறக்கவில்லை.

“பயமா இருக்கு புள்ள. ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குச் சொல்றதுக்கு ஆளில்ல.”

ஒரு மாதமாக நான் என்னென்னவோ பேசினேன். வாலிபால்காரனைக்கூட விடவில்லை. இந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவர் தைரியசாலி, அவருக்கெதற்கு என்று நினைத்துவிட்டேன்.

பதினொரு வருடத்தில் முதல் முறையாக, சுற்றும்போது வாயைத் திறந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. அவர் கப்பலில் சொன்ன அதே ஹிந்தியில் சொன்னேன்.

“குச் நஹி ஹோகா.”

மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாக! எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைக்கும் சத்தம் கேட்டது. கப்பல் கேபின் கதவுக்குக் குனிகிற மாதிரி குனிந்து, வளைந்திருந்த என் கைகளுக்குள் வந்து நின்றார். பட்டப்பகலில், வராந்தாவில், கீழ் வீட்டு தீதி துணி காயப்போடும் நேரத்தில். என் தோளில் அவர் தாடை. சோப்பு வாசனை, டீ வாசனை. அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

“பெட்டில அந்த நீலச் சட்டைய வை,” என்றார்.

தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நகராமலே கேட்டார்.

“இன்னும் சுத்துதா?”

நாலு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

“சுத்துதுங்க.”

“சுத்தட்டும்.”